பிரிட்ஜில் ஒட்டியிருந்த சூறைக்காற்றுக் காகிதம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் பலசரக்குச் சீட்டும், துபாயில் இருந்த வீட்டுக்காரருக்கு மாதம் ஒரு கடிதமும்தான். அந்தக் கடிதத்திலும் பாதி நலம் விசாரிப்பதிலேயே தீர்ந்துவிடும். இப்போது எங்கள் தெருப் பெண்கள் படிப்பகத்தின் ஆண்டு மலருக்கு, "டெக்சாசுக்குப் போய் வந்தது நீங்கதான், நீங்கதான் எழுதணும்" என்று நோட்டைக் கையில் திணித்துவிட்டார்கள். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஊர்ப் பெயர் மறக்கிறது. முன்னது பின்னதாகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் போனது, நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்ததற்கு மறு வருஷம். விமான நிலையத்தில் ஓர் அம்மாள் என் முக்காட்டைப் பார்த்துத் தனியாக அழைத்துப்போய்ப் பையைத் திறந்தாள். மாசிக்கருவாட்டுத் தூளை மோந்து பார்த்துவிட்டு, இது சாப்பிடுகிற சாமானா என்று சைகையில் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். பாவமே என்று என்னைப் பார்த்து அனுப்பிவிட்டாள். தூளை அனுப்பவில்லை.

மகள் ஜெமீலா ரிச்சர்ட்சனில் இருந்தாள். மருமகன் அங்கே டெலிபோன் கருவிகள் செய்கிற ஒரு கம்பெனியில் இன்ஜினியர். ஒரே பெண் சாரா, நான்கு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். அவள் என்ன சொன்னாலும் நான் "சரிம்மா" என்பேன். எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை.

மருமகனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் மாமியார் மருமகன் எதிரே வந்து நிற்பதில்லை. நேருக்கு நேர் பேசுவதும் இல்லை. ஏதாவது சொல்லவேண்டுமானால் கதவுக்குப் பின்னால் நின்று, சுவரைப் பார்த்து, "சோறு ஆறுது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட வேண்டும். அவர் சென்னையில் வளர்ந்தவர். ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து இந்த மரியாதைக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. நான் வாயைத் திறந்தால் அது ஜெமீலாவுக்கு என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆறு வருஷத்தில் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. காரில் நான் எப்போதும் அவருக்கு நேர் பின்னால் உட்காருவேன். அங்கே உட்கார்ந்தால் கண்ணாடியில் தெரியமாட்டேன். அமெரிக்காவில் எதை அதிகம் பார்த்தீர்கள் என்று கேட்டால் என் மருமகனின் பிடரியைத்தான் சொல்வேன்.

காகிதத்துக்கு வருகிறேன்.

ஜெமீலா வீட்டுப் பிரிட்ஜின் கதவில் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது. டொர்னாடோ வந்தால் என்ன செய்யவேண்டும் என்று சாராவின் டேகேரில் கொடுத்தது. டொர்னாடோ என்பது நம் பக்கத்துப் புயல் மாதிரி ஊரையே வளைத்துக்கொண்டு வருவதில்லை. வானத்திலிருந்து யானைத் தும்பிக்கை போல ஒன்று இறங்கி, ஒரு தெருவை வழித்துப் போட்டுவிட்டு அடுத்த தெருவில் காய்கிற துணியைக்கூடத் தொடாமல் போய்விடுமாம். அது வந்தால் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத உள்ளறைக்குப் போ, தலைக்கு ஹெல்மெட் போடு, மேலே மெத்தையைப் போர்த்திக்கொள் என்று வீட்டுக்கு ஒரு பட்டியல். காரில் போகும்போது வந்தால் இறங்கிவிடு, பாலத்துக்கு அடியில் ஒதுங்காதே, பள்ளமான இடமாகப் பார்த்துக் குப்புறப் படு என்று வழிக்கு ஒரு பட்டியல். மருமகனுக்கு எதுவானாலும் காகிதத்தில் இருக்க வேண்டும். மருந்துச் சீட்டைக்கூட இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் மாத்திரையைப் பிரிப்பார்.

மாதம் ஒருமுறை ஊர் முழுக்கச் சங்கு ஊதிப் பார்ப்பார்கள். நோன்பு திறக்க ஊதுகிற மாதிரியே இருக்கும். முதல் தடவை கேட்டபோது, பட்டப்பகலில் யார் நோன்பு திறக்கிறார்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு மருமகன் வீட்டில் இருந்தார். ஒத்திகை பார்த்துவிடலாம் என்று எல்லோரையும் குளியலறைக்கு வரச் சொன்னார். அதுதான் அந்த வீட்டில் ஜன்னல் இல்லாத அறை. குளியல் தொட்டி போக மிச்சம் ஒரு பாய் விரிக்கிற இடம்தான் இருக்கும். அதில் மருமகனோடு நான் எப்படிப் போய் உட்காருவது? சாமான் அறைக்குள் புகுந்து வெங்காயக் கூடைமேல் உட்கார்ந்துகொண்டேன்.

"ஜெமீ, மாமிய உள்ள வரச் சொல்லு. எல்லாரும் ஒரே ரூம்ல இருக்கணும்னு பேப்பர்ல போட்டிருக்கு."

"உம்மா, வாங்களேன்."

"நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்னு சொல்லு."

"டொர்னாடோ வந்தா முதல்ல பறக்கறது அந்த ரூம்தான்னு சொல்லு."

"பறந்தா ஊருக்குப் போய்ச் சேந்துருவேன். டிக்கெட் மிச்சம்னு சொல்லு."

இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லி ஜெமீலாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அன்று சாயங்காலமே மருமகன் கடைக்குப் போய், குளியல் தொட்டிக்குக் கனமான ஒரு திரை வாங்கிவந்து மாட்டினார். அடுத்த சங்குக்குத் தொட்டிக்குள்ளே திரை மறைவில் நான், வெளியே அவர்கள் மூன்று பேர். அவர் கிரிக்கெட் ஹெல்மெட்டைத் தொட்டி விளிம்பில் வைத்தார். நான் திரைக்குள்ளிருந்து கையை நீட்டி எடுத்துக்கொண்டேன். காகிதத்துக்கும் பங்கமில்லை, வழக்கத்துக்கும் பங்கமில்லை.

அந்த வருஷம் டெலிபோன் கம்பெனிகள் எல்லாம் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. மருமகனையும் அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, டெக்சாசின் மேற்குக் கோடியில் எல் பாசோவில் ஒரு வேலை பிடித்தார். சாமானெல்லாம் லாரியில் போயிற்று. நாங்கள் காரில் கிளம்பினோம். வழியில் ஓர் இராத்தங்கல். பிரிட்ஜிலிருந்த காகிதத்தைக் கிழியாமல் உரித்து, பிளாஸ்டிக் உறைபோட்டு, காரின் முன்பெட்டிக்குள் வைத்தார். கிரிக்கெட் ஹெல்மெட்டையும் சாராவின் சைக்கிள் ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டார். பெரிய மெத்தையை மட்டும் லாரியில் ஏற்றாமல் காரின் கூரைமேல் போட்டுக் கட்டினார்.

"அது எதுக்கு?" என்றாள் ஜெமீலா.

"போன அன்னைக்குப் படுக்க வேணாமா? வழியில ஏதாவது வந்தா போர்த்திக்கவும் ஆகும்."

மெத்தையைச் சுமந்துகொண்டு போகிற எங்கள் காரைப் பார்த்து எல்லாக் காரும் ஹாரன் அடித்தது. சாரா எல்லோருக்கும் கையசைத்தாள்.

முதல் நாள் சாப்பாடு என் கையில் இருந்தது. புளிச்சோறு, அவித்த முட்டை, எலுமிச்சை ஊறுகாய். வழியில் நமக்கு ஆகிற கறி கிடைக்காது என்பதால் மீன் வைத்த ரொட்டி வாங்கலாம் என்றார்கள். ஒரு வாய் கடித்துப் பார்த்தேன். அந்த மீனுக்கு முள்ளும் இல்லை, வாசமும் இல்லை. எந்தக் கடலில் பிடித்தார்களோ. சாலையோர நிழற்குடையில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தோம். பக்கத்து மேசையில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றி என்னவோ கேட்டார். ஜெமீலா மொழிபெயர்த்தாள்: "இந்த வாசம் என்னன்னு கேக்குறாரு." ஓர் உருண்டை கொடுத்தேன். கண்ணில் நீர் வரச் சாப்பிட்டார். "உறைப்பு நல்லது, என் மூக்கு திறந்துவிட்டது" என்று சொன்னாராம்.

போகப்போகப் பச்சை குறைந்தது. மரம் புதராகி, புதர் முள்ளாகி, கடைசியில் சப்பாத்திக்கள்ளிதான் மிச்சம். மலைமுகட்டில் வரிசையாகக் காற்றாலைகள் தெரிந்தபோது எனக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வந்துவிட்டது போல இருந்தது. அதைத் தாண்டினால் எண்ணெய் இறைக்கிற இரும்புகள். ஆளில்லாத வெளியில் ஒவ்வொன்றும் தனியே நின்று குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து, நாளெல்லாம் தொழுதுகொண்டிருந்தன.

அங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். வலது பக்கம் பொட்டலில் ஒரு புழுதித் தூண் சுற்றிக்கொண்டு வந்தது. தென்னை உயரம் இருக்கும். காகிதத்தில் போட்டிருந்த படம் அப்படியே வருவது போல இருந்தது. ஜெமீலாவின் தோளைப் பிடித்துக் கிள்ளி, "வருது, வருது" என்றேன். அவள் அலறினாள். மருமகன் திரும்பிப் பார்க்காமலேயே காரை ஓரங்கட்டி, எல்லோரையும் இறக்கி, ஹெல்மெட்டைக் கொடுத்து, மெத்தைக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். பின்னால் வந்த லாரிக்காரர் ஒருவர் என்ன உதவி வேண்டும் என்று நிறுத்தினார். புழுதித் தூண் எங்களைத் தாண்டி, சாலையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பையைச் சுழற்றிவிட்டு ஓய்ந்தது. கோடையில் நம் கண்மாய்க்குள் சுற்றுகிற அதே காற்றுதான். சின்னப் பிள்ளையில் அதற்குள் ஓடிப்போய் நின்றிருக்கிறேன். எப்படி மறந்தேன்?

லாரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இதற்கெல்லாம் மெத்தை விரித்தால், நீங்கள் எல் பாசோ போய்ச் சேர ஒரு வருஷம் ஆகும்" என்றாராம். ஜெமீலாவும் சிரித்தாள். மருமகன் சிரிக்கவில்லை. "பரவால்ல, பாக்கிறது நல்லதுதான்னு மாமிகிட்ட சொல்லு" என்றார். அது எனக்குச் சிரிப்பைவிட அதிகமாகச் சுட்டது. இனி ஊர் போய்ச் சேரும்வரை வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அன்று தங்கிய விடுதியை ஒரு குஜராத்திக் குடும்பம் நடத்தியது. அந்த அம்மாள் என் முக்காட்டைப் பார்த்ததும் இஞ்சி தட்டிப்போட்ட டீ கொண்டுவந்து தந்தாள். அவளுக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எனக்குச் சுத்தமாக இல்லை. இரண்டு பேரும் நன்றாகப் பேசிக்கொண்டோம். இங்கே நிலவறை இல்லையா என்று ஜெமீலா கேட்டதற்கு, அந்த அம்மாள் செருப்புக் காலால் தரையைத் தட்டிக் காட்டினாள். ஒரு சாணுக்குக் கீழே சுக்கான்பாறையாம். குழாய் பதிக்கவே வெடி வைத்தார்களாம். குளியலறைதான் கதி, ஆனால் கரண்டு போய்விட்டால் கோடையில் அதற்குள் கால்மணி நேரம் இருக்க முடியாது, இட்லி வெந்துவிடும் என்றாள். இட்லி என்பதை மட்டும் தமிழில் சொன்னாள். மருமகன் இதையெல்லாம் காதில் வாங்கி, காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை வானம் பளிச்சென்றுதான் இருந்தது. தெற்கே மலைகளின்மேல் மட்டும் கறுப்பு. பெட்ரோல் போட ஓர் ஊருக்குள் இறங்கி, கிளைச்சாலை ஒன்றில் போய்க்கொண்டிருந்தோம். மத்தியானம் காற்று பிடித்தது. ரேடியோவில் பாட்டு நின்று கொர் கொர் என்று ஏதோ எச்சரிக்கை வந்தது. செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. ஒரு சின்ன ஓடைப்பாலத்தைத் தாண்டும்போது மேலே படார் என்று சத்தம். கயிறு அறுந்து மெத்தை பறந்துவிட்டது. கார் நின்றது. பார்த்தால், மெத்தை பாலத்துக்கு அப்பால், காய்ந்து கிடந்த ஓடையின் வெள்ளை மணலில் போய் யாரோ விரித்து வைத்த மாதிரி படிந்திருந்தது.

"இத்ரீஸ், அங்க பாரு" என்றாள் ஜெமீலா. அவள் அமெரிக்கா வந்த பிறகு புருஷனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். எனக்கு ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப்போடும்.

அவள் மெத்தையைக் காட்டவில்லை. வடக்கே மேகத்தின் அடியிலிருந்து ஒரு தும்பிக்கை இறங்கியிருந்தது. நேற்று நான் பார்த்த புழுதி அல்ல. இது மேலிருந்து கீழே வந்தது. கறுப்பாக இருந்தது. நிற்கிற மாதிரி தெரிந்தது, ஆனால் பெரிதாகிக்கொண்டிருந்தது.

மருமகன் காகிதத்தை எடுத்தார். காற்றில் அது படபடக்க இரண்டு கையாலும் பிடித்து உரக்கப் படித்தார். "கார்ல இருக்கக் கூடாது. பிரிட்ஜுக்கு அடியில கூடாது. டிச் மாதிரி பள்ளமான எடத்துல குப்புறப் படுக்கணும்."

சுற்றிலும் உள்ளங்கை மாதிரி சமதரை. பள்ளம் என்று கண்ணுக்குத் தெரிந்தது அந்த ஓடை ஒன்றுதான். அதில் மெத்தையும் கிடந்தது.

"நமக்குன்னே விரிச்சு வச்ச மாதிரி இருக்கு" என்றாள் ஜெமீலா. சாராவைத் தூக்கிக்கொண்டு கரையில் சறுக்கி இறங்கிவிட்டாள். எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. அல்லா மெத்தையை அனுப்பியிருக்கிறான், போய்ப் படுப்போம் என்று.

மருமகன் கிரிக்கெட் ஹெல்மெட்டைக் காரின் முன்மூடியில் வைத்துவிட்டு, நான் எடுத்துக்கொள்ளட்டும் என்று தள்ளி நின்றார். எடுத்து முக்காட்டின்மேல் மாட்டிக்கொண்டு கரை ஓரத்துக்கு வந்தேன். இறங்குவதற்குக் காலை எங்கே வைப்பது என்று கீழே பார்த்தேன்.

பாலத்துக்கு அடியில் குழாய் போல ஒரு வழி. அதன் வாயிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு தண்ணீர்க் கோடு வந்துகொண்டிருந்தது. நாங்கள் வந்து நின்றபோது அது இல்லை. முன்னால் கொஞ்சம் நுரை, சுள்ளி, காய்ந்த இலை, ஆட்டுப்புழுக்கை, எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வந்தது. மணல் குடிக்கக் குடிக்க அது நிற்காமல் வந்தது. நிமிர்ந்து தெற்கே பார்த்தேன். மலை தெரியவே இல்லை. அங்கே அப்படிப் பெய்துகொண்டிருந்தது.

குற்றாலத்தில் குளித்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அருவியில் சுள்ளியும் இலையும் வந்து நிறம் மாறினால், சோப்புப் போட்ட தலையோடு ஓடி வந்துவிட வேண்டும். எங்கள் ஊர் ஆற்றில் சுள்ளென்று வெயிலடிக்கும்போது துவைத்துக்கொண்டிருந்த என் கல்யாணச் சேலை போயிருக்கிறது. மலையில் பெய்த மழை கீழே ஒருவரிடமும் சொல்லிவிட்டு வருவதில்லை.

"ஜெமீலா" என்று கத்தினேன். காற்று என் சத்தத்தை என் வாயிலேயே திருப்பி அடைத்தது. அவள் சாராவை மெத்தைமேல் கிடத்தி, மேலே தான் கவிழ்ந்துகொண்டிருந்தாள். கூப்பிடுகிற தூரத்தில் இருந்தது மருமகன் மட்டும்தான். மூன்று முழம் தள்ளி நின்றார்.

நான் காரின் முன்மூடியைப் பார்த்து, "ஓடையில தண்ணி வருதான்னு யாராச்சும் பாக்கக் கூடாதா" என்றேன். ஆறு வருஷப் பழக்கம் அது. அவரும் ஆறு வருஷப் பழக்கத்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஜெமீலாவிடம் பேசுவதாக நினைத்திருப்பார். திருப்பிக்கொண்டு, கரையில் ஒரு காலையும் இறக்கிவிட்டார்.

நேற்றைய புழுதியும் லாரிக்காரர் சிரிப்பும் நினைவுக்கு வந்தன. இன்றைக்கும் தப்பாகச் சொல்லி, அதனால் அந்தக் கறுப்புத் தும்பிக்கைக்குப் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டால்? சொல்லாமல் இருந்து தண்ணீர் வந்துவிட்டால்? கீழே சாராவின் சின்னச் சிவப்புச் செருப்பு ஒன்று மெத்தையிலிருந்து கழன்று மணலில் கிடந்தது. தண்ணீர்க் கோடு அதைத் தொட்டு, இரண்டாகப் பிரிந்து, மேற்கொண்டு போயிற்று.

"மாப்பிள்ளே" என்றேன்.

அவர் நின்றார். யார் கூப்பிட்டது என்று முதலில் சாலையைத்தான் பார்த்தார்.

"பிள்ளையத் தூக்கிட்டு மேல வாங்க. அது ஓடை. தண்ணி வருது."

என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் கண் கொஞ்சம் பழுப்பு நிறம் என்று அன்றைக்குத்தான் தெரியும். "மாமி, பேப்பர்ல டிச்சுன்னுதான்..."

"நேத்து நான் சொன்னது தப்பு. இன்னைக்குத் தப்பில்ல. பேப்பர் எழுதுனவுக இந்த ஓடையப் பாத்திருக்க மாட்டாக. சீக்கிரம்."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. குதித்தார். சாராவை ஒரு கையில் அள்ளி, ஜெமீலாவை மறுகையில் பிடித்து இழுத்தார். அவள் வரமாட்டேன் என்றாள்.

"இப்பதானே எறங்கச் சொன்ன?"

"மாமி மேல வரச் சொல்றாங்க."

"உம்மா உங்கிட்டயா சொன்னாங்க?"

பின்னால் வானம் கறுத்து நிற்கிறது, அவளுக்கு நான் அவரோடு பேசியதுதான் ஆச்சரியம்.

கரை ஏறியதும் மருமகன் மூச்சிரைக்க, "எங்க படுக்கறது மாமி?" என்றார்.

"அது எனக்குத் தெரியாது. அங்க வேணாம். அம்புட்டுத்தான் தெரியும்."

சாலைக்கு அந்தப் பக்கம், பாலத்தைவிட மேட்டில், சாலை போடும்போது மண் எடுத்த ஒரு சின்னக் குழிவு இருந்தது. முழங்கால் ஆழம்கூட இல்லை. சுற்றிலும் கள்ளி. பாம்பு இருக்கிறதா என்று மருமகன் ஒரு கல்லை எறிந்து பார்த்தார். நாலு பேரும் அதில் குப்புறப் படுத்தோம். உடனே ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது, நெல்லிக்காய் அளவு. அவர் சாராவின்மேல் கவிழ்ந்து, தன் தலையைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். என் தலைக்கும் அவர் தலைக்கும் ஒரு சாண்கூட இல்லை. திரை இல்லை. நான் ஹெல்மெட்டைக் கழற்றி அவர் தலையில் கவிழ்த்தேன். "வேணாம் மாமி" என்றார். "பேசாம இருங்க" என்றேன். அன்றைக்கு நான் அவரோடு பேசிய மூன்றாவது பேச்சோ நான்காவதோ, அதுவே அதட்டல்.

தெரிந்த சூராவையெல்லாம் ஓதினேன். தும்பிக்கை எங்கள் பக்கம் வரவே இல்லை. தூரத்திலேயே கிழக்கே நகர்ந்து, மெலிந்து, நூலாகி, அறுந்துபோனது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. வானத்திலிருந்து அல்ல. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஓடைப் பக்கமிருந்து. எழுந்து போய்ப் பார்த்தோம். கரைக்குக் கரை காப்பித் தண்ணீர். வேலிக்கட்டை, முள்மரம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் முட்டி மோதிக்கொண்டு வந்தன. மெத்தை மெதுவாக எழும்பி ஒரு சுற்றுச் சுற்றியது. மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம் அதில். யாரும் இல்லாமல் போயிற்று. கண்ணுக்கு மறைகிறவரை நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். ஜெமீலா சாராவை இறுக்கிப் பிடித்திருந்தாள். சாரா, "மை ஷூ" என்றாள். நான் "சரிம்மா" என்றேன்.

வெள்ளம் வடிய ஒரு மணி நேரம் ஆனது. அடுத்த ஊர்ப் பெட்ரோல் கடையில் இருந்த கிழவி, என் வயது இருக்கும், எங்கள் முகத்தைப் பார்த்ததும் நாற்காலி போட்டாள். நடந்ததை ஜெமீலா சொன்னாள். அவள் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னது இது: "இதை எழுதியவர்கள் புல் முளைக்கிற ஊர்க்காரர்கள். அங்கே பள்ளம் என்றால் வெறும் பள்ளம். இங்கே பள்ளம் என்றால் தண்ணீர் நடக்கிற வழி, வளை என்றால் பாம்பு குடியிருக்கிற வீடு. எனக்கு மூன்று மகன்கள். ஓடைக்குள் காலை வைத்தால் முதுகுத் தோலை உரிப்பேன் என்று சொல்லித்தான் வளர்த்தேன்."

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று மருமகன் கேட்டார்.

"எங்களுக்கு மறைவிடம் இல்லை, வாஸ்தவம். ஆனால் மறைக்கிற மரமும் இல்லையே. அது வருவது எவ்வளவோ முன்னாலேயே தெரியும். எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, குறுக்கே விலகி, காரை ஓட்டிக்கொண்டு போய்விடுவோம். நின்று பேப்பர் படிக்க மாட்டோம்."

மருமகனுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்படிப் பார்த்தால் நான் சொன்னதும் அரைச் சரிதான். ஓடை வேண்டாம் என்றேனே தவிர, காரை எடுங்கள் என்று எனக்கும் தோன்றவில்லை. தும்பிக்கை மட்டும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தால் அந்த முழங்கால் குழிவு எதற்கும் ஆகியிருக்காது. இதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

டீ வாங்கப்போன மருமகன் பாதி வழியில் நின்று, "மாமி, டீயா காப்பியா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஜெமீலாவைப் பார்த்தேன். அவள் வாய் நிறைய ரொட்டியை வைத்துக்கொண்டு, "என்னப் பாக்காதீங்க. ஆறு வருஷமா ரெண்டு பேருக்கும் போஸ்ட்மேன் வேலை பாத்தேன். இன்னைக்கு ரிட்டயர் ஆயிட்டேன்" என்றாள்.

"டீ" என்றேன். அப்புறம் யோசித்து, "சீனி கம்மியா" என்றும் சொன்னேன்.

எல் பாசோ வீட்டில் அந்தக் காகிதம் மறுபடியும் பிரிட்ஜில் ஏறியது. பள்ளத்தில் படு என்ற வரியை மருமகன் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் தமிழில் எழுதினார்: "ஓடை கூடாது. மாமியைக் கேட்கவும்." முதல் ராத்திரி எல்லோரும் வெறுந்தரையில்தான் படுத்தோம். அந்த வீட்டுக் குளியலறைக்குத் திரை வாங்கவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இதில் நாள் கணக்கு, ஊர், ஆலங்கட்டி முதலில் விழுந்ததா தண்ணீர் முதலில் வந்ததா என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. அச்சில் ஏற்றுவதற்கு முன்னால் படிப்பகத்துப் பிள்ளைகள் யாராவது எல் பாசோவுக்குப் போன் போட்டுச் சரிபார்த்துவிட வேண்டும். ஜெமீலாவிடம் கேளுங்கள். மாப்பிள்ளையிடம் நானே வெள்ளிக்கிழமைதோறும் பேசுகிறேன், கேட்டும் பார்த்தேன். "நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே எழுதுங்க மாமி, அதுதான் கரெக்ட்" என்கிறார். அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் இதே பதில்தான். அவரை நம்பி ஒன்றையும் சரிபார்க்க முடியாது.